செல்லோ சாதகம்: வடசென்னை வீட்டில் முதல் ஆறு மாதம்

வயலின் மாதிரியே வில்லால் இழுத்து, நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வாத்தியம் செல்லோ. என்னோடு செல்லோ வகுப்பில் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேர் நான்காம் மாதத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு இசை வராது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஒருவருக்கு என்னைவிட நல்ல காது. வீட்டில் சாதகம் செய்ய, அதாவது தினமும் வாசித்துப் பழக, கருவியைக் கையில் எடுக்கும் பழக்கம்தான் அமையவில்லை. வாரம் முழுக்கப் பையிலேயே கிடந்த செல்லோவை வகுப்புக்கு முந்தின ராத்திரி எடுத்து இரண்டு மணி நேரம் வாசிப்பார்கள், மறுநாள் தோள் வலியோடு வருவார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடியில் தரைத்தள வீட்டில் இருக்கிறேன். துறைமுகம் பக்கம் வேலை. நான்கு வருடமாக வாசிக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் முதல் ஆறு மாதத்துக்கானது. ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், வாரம் ஒருமுறையாவது அவரைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வில் பிடிக்கும் விதத்தை எழுத்தில் கற்றுக்கொள்ள முடியாது. மற்ற ஆறு நாளும் நீங்கள் தனியாக வீட்டில் என்ன செய்வீர்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் இடம்

பையின் ஜிப்பைத் திறந்து, கருவியை வெளியே எடுத்து, அடியில் இருக்கும் இரும்புக் கம்பியை இழுத்து முடுக்கி, நாற்காலி தேடி, வில்லில் தேய்க்கும் பிசின் கட்டியான ரோசினைத் தேடி உட்காருவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். வேலை முடிந்து களைத்து வந்தவருக்கு அந்தப் பத்து நிமிடமே போதும், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தோன்ற. அதனால் செல்லோவை வீட்டில் பைக்கு வெளியே வைக்கப் பழகுங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை கிடைத்தால் போதும். தரையில் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, செல்லோவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மல்லாக்க வைத்தால் மேலே ஏதாவது விழும், தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரைக்கு ஆபத்து. வில்லைத் தளர்த்தி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். நாற்காலியின் மேல் வில்லை வைக்கவே கூடாது. யாராவது உட்காருவார்கள்.

தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள அறை வேண்டாம். மதிய வெயிலில் கொதிக்கும் மேற்குச் சுவரும் வேண்டாம், அடுப்படிக்குப் பக்கமும் வேண்டாம். செல்லோவின் பலகைகளைச் சேர்த்திருக்கும் பசை சூட்டில் விட்டுக்கொடுக்கும். சில கருவிகளில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் 'கிர்ர்' என்று சத்தம் வருவதற்கு ஓரத்தில் பசை விட்டிருப்பதும் ஒரு காரணம்.

அடுத்தது நாற்காலி. நம் வீடுகளில் இருக்கும் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லோ வாசிக்க முடியாது. முழங்கை இடிக்கும், உட்காரும் இடம் பின்பக்கம் சரிந்திருக்கும். கையில்லாத மர நாற்காலி, இல்லையென்றால் உறுதியான ஸ்டூல் வேண்டும். நுனியில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். தொடை சமமாகவோ முட்டி பக்கம் கொஞ்சம் இறங்கியோ இருக்க வேண்டும். நான்கில் தடித்ததான ஸி தந்தியின் பிரடை (தந்தியை முடுக்கும் மரத் திருகு) இடது காதுக்குப் பின்னால் வரும்படி அடிக் கம்பியின் நீளத்தை வைத்துக்கொள்ளுங்கள். சரியான நீளம் கிடைத்ததும் கம்பியில் ஒரு சின்ன டேப் ஒட்டிவிடுங்கள், தினமும் அளக்க வேண்டியதில்லை.

மொசைக் தரையிலும் டைல்ஸிலும் கம்பி வழுக்கிக்கொண்டே போகும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கருவி நழுவும் என்ற பயம் இருக்கும்வரை முட்டியும் மார்பும் அதை இறுக்கிப் பிடிக்கும், உடம்பு முழுக்க விறைக்கும், அந்த விறைப்பு வில்லில் கேட்கும். பழைய பெல்ட் ஒன்றை எடுத்து, ஒரு முனையை நாற்காலியின் முன்காலில் மாட்டி, மறுமுனையில் இருக்கும் துளையில் கம்பியின் நுனியைச் செருகுங்கள். நான் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்.

நேரம், அக்கம்பக்கம்

கடிகாரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு சாதகத்தைக் கட்டிவையுங்கள். காலைக் காபிக்குப் பிறகு, அல்லது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என்று. எனக்குக் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு. ஏழு மணி என்று தானாக அமைந்துவிடவில்லை. ஆரம்பத்தில் ஆறு மணிக்கு வாசித்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நாள் கதவைத் தட்டி, "தம்பி, நான் நைட் ஷிப்ட்டு முடிச்சு நாலு மணிக்குத்தான் படுக்கிறேன். ஏழுக்கு மேல வாசிப்பா, அப்ப எழுந்துக்குவேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்றைக்கே மாற்றிக்கொண்டேன். ஒட்டு வீடுகளில் செல்லோவின் சத்தம் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் போகும். அவர்கள் வந்து சொல்வதற்கு முன்னால் நீங்களே போய்க் கேட்டுவிடுங்கள்: எந்த நேரம் சரிப்படும், வீட்டில் யாராவது பரீட்சைக்குப் படிக்கிறார்களா என்று. பக்கத்து வீட்டார் சம்மதித்த நேரத்தில் வாசிக்கும்போது கை பயமில்லாமல் இழுக்கும். பயந்து பயந்து மெல்ல இழுத்துப் பழகினால், அந்த மெலிந்த சத்தமே பழக்கமாகிவிடும்.

ராத்திரிதான் நேரம் என்றால் ரப்பர் மியூட் வாங்கிக் குதிரையின் மேல் மாட்டுங்கள், சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் வாரம் முழுக்க மியூட்டோடு வாசிக்காதீர்கள். அதைப் போட்டால் கருவியின் உண்மையான குரல் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை பகலிலாவது கழற்றிவிட்டு வாசியுங்கள்.

இருபது நிமிடம்

முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைவிட ஆறு நாள் இருபது நிமிடம் எவ்வளவோ மேல். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்தும் பத்துமாகப் பிரித்துக்கொள்ளலாம். எப்படி இருந்தாலும் தொடக்கம் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். உட்கார்ந்ததும் என்ன வாசிக்கலாம் என்று யோசிக்கும் நிலை வரக் கூடாது.

வில்லை முடுக்குங்கள். வில்லில் கட்டியிருக்கும் முடிக்கும் அதன் குச்சிக்கும் நடுவில் ஒரு பென்சில் போகும் அளவு இடைவெளி இருந்தால் போதும். ரோசினில் மூன்று, நான்கு முறை தேய்த்தால் போதும். வில்லின் முடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் தந்தியைப் பிடிக்காது.

பிறகு சுருதி. செல்லோவின் நான்கு தந்திகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஸி, ஜி, டி, ஏ. நம் சங்கீதத்தில் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் சொன்னால் 1 கட்டை, 5 கட்டை, 2 கட்டை, 6 கட்டை. ஒவ்வொரு தந்திக்கும் அடுத்த தந்தி பஞ்சமம். ச–ப கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய சொத்து. மேல் தந்தியான ஏயை 220 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்துக்கொண்டு, மற்றவற்றைப் பக்கத்துத் தந்தியோடு சேர்த்து வாசித்துச் சரிபார்க்கலாம். முதல் மாதங்களில் கீழே இருக்கும் சின்னத் திருகுகளை மட்டும் தொடுங்கள். பிரடையைத் திருப்புவதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ளுங்கள். தந்தி அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

இப்போது திறந்த தந்திகளில், அதாவது விரல் எதுவும் வைக்காத தந்திகளில், நீள வில். இதற்கு ஏழெட்டு நிமிடம் கொடுங்கள். இடது கை மடியில் இருக்கட்டும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து, நான்கு அடிக்கு ஒரு வில்: கைப்பிடியிலிருந்து நுனி வரை, நுனியிலிருந்து கைப்பிடி வரை. ஒரே ஒரு ஸ்வரம்தான். இதைச் சலிப்பான வேலை என்று தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். செல்லோவின் குரல் முழுக்க வலது கையில் இருக்கிறது. வில் எவ்வளவு வேகமாகப் போகிறது, கையின் எடை எவ்வளவு தந்தியில் இறங்குகிறது, குதிரைக்கு எவ்வளவு பக்கத்தில் இழுக்கிறீர்கள்: இந்த மூன்றும்தான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. தடித்த ஸி தந்திக்கு வில் மெதுவாகப் போக வேண்டும், எடை கூடுதலாக வேண்டும், குதிரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இழுக்க வேண்டும். ஏ தந்தியில் அதே எடையைப் போட்டால் நசுங்கும்.

எடை என்றால் அழுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரத் துணியைக் கொடியில் போட்டால் அது தானாகத் தொங்குகிற மாதிரி கை தந்தியின் மேல் தொங்க வேண்டும். கட்டை விரல் விறைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு நிமிடமும் பாருங்கள். விறைத்திருந்தால் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து, கையை உதறிவிட்டு மறுபடி பிடியுங்கள்.

பீரோ கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து வாசியுங்கள். வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று கண்ணாடியில்தான் தெரியும். குனிந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், பார்க்கும் கோணமும் ஏமாற்றும். நுனிக்குப் போகும்போது வில் வளைந்து போவது எல்லோருக்கும் நடக்கும். முழங்கையை மெல்ல முன்னால் திறந்துவிட்டால் நேராகும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை வில்லின் நேர்க்கோடு, செவ்வாய்க்கிழமை திசை மாறும் இடத்தில் சத்தம் அறுகிறதா, புதன்கிழமை கட்டை விரல். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் எதுவும் பிடிபடாது.

விரல்கள், ஸ்வரங்கள்

அப்புறம் ஐந்து நிமிடம் இடது கைக்கு. சுருதிப் பெட்டியையோ கைபேசித் தம்பூராவையோ 2 கட்டையில் ச–ப வைத்து ஓடவிடுங்கள். திறந்த டி தந்தி ச. அதே தந்தியில் முதல் விரல் (ஆள்காட்டி விரல்தான் முதல், கட்டை விரல் கணக்கில் இல்லை) ரி, மூன்றாம் விரல் க, நான்காம் விரல் ம. திறந்த ஏ தந்தி ப. அதில் முதல் விரல் த, மூன்றாம் விரல் நி, நான்காம் விரல் மேல் ச. இதுதான் சங்கராபரண ராகம், மேற்கத்திய முறையில் டி மேஜர். ஆசிரியர் விரல் பலகையில் மெல்லிய டேப் ஒட்டிக் கொடுப்பார். அதைக் கண்ணால் பார்த்து வைத்தாலும், சரியா என்று காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

காதுக்கு உதவியாகக் கருவியே பதில் சொல்லும். டி தந்தியில் நான்காம் விரலால் மத்யமம் (ம) துல்லியமாக விழுந்தால், பக்கத்தில் சும்மா இருக்கும் ஜி தந்தி தானாக அதிரும். கண்ணாலேயே பார்க்கலாம், தந்தி மங்கலாகத் தெரியும். ஏ தந்தியில் மேல் ஷட்ஜம் (ச) சரியாக விழுந்தால் டி தந்தி அதிரும். விரல் ஒரு மயிரிழை தள்ளினால் அந்த அதிர்வு செத்துவிடும். நான் முதல் முறை இதைக் கண்ட காலையில் அந்த ஒரே ஸ்வரத்தைப் பத்து நிமிடம் வாசித்துக்கொண்டிருந்தேன். கருவி திரும்பப் பேசியது போல் இருந்தது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்கள் இங்கே ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். நமக்கு ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை ராகம். ஆனால் செல்லோவில் டியிலிருந்து அதை வாசிக்க வேண்டும் என்றால் சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த ரி) முதல் விரலைப் பின்னால் நீட்ட வேண்டும், சுத்த தைவதத்துக்கும் (தாழ்ந்த த) அப்படியே. கை இன்னும் உருவாகாத முதல் மாதத்தில் இப்படி நீட்டினால் உள்ளங்கை இறுகும். அதனால் சங்கராபரணத்தில் தொடங்குங்கள். ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை அதிலேயே வாசிக்கலாம், ஒரு குறையும் இல்லை. நான்காம் மாதத்துக்குப் பிறகு ஆசிரியரைக் கேட்டு மாயாமாளவகௌளைக்குப் போங்கள்.

இது வெள்ளைக்காரன் வாத்தியம், உனக்கெதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வயலின் நம் கச்சேரிக்குள் வந்த கதையில் வடசென்னைக்குப் பங்கு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் மணலியில் தங்கியிருந்த காலத்தில்தான் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். வயலினின் பெரிய உறவினரான செல்லோவை அதே ஊர்க்காரர்கள் கையில் எடுப்பதில் அந்நியம் ஒன்றும் இல்லை.

தப்பு வந்தால்

மீதி ஐந்து நிமிடம் பாட்டுக்கு. முழுப் பாட்டையும் வாசிக்காதீர்கள். முதலிலிருந்து ஆரம்பித்து, தப்பு வந்த இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது தான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் தெரிந்த முதல் வரி இருபது முறை வரும், தெரியாத இடம் இருபது முறையும் தப்பாகவே வரும். கை அந்தத் தப்பையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ளும்.

எங்கள் தெருமுனையில் கேரம் ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் நான் இதைத் திருத்திக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் கேரம் சின்ன விளையாட்டு இல்லை, புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் உலக சாம்பியன் ஆனார். தெருமுனைப் பையன் ஒருவன் மற்றவர்கள் போன பிறகும் நின்று, ஒரே காயை ஒரே இடத்தில் வைத்து, ஒரே கோணத்தில் அடித்துக்கொண்டே இருப்பான். விழுந்தாலும் திரும்ப அங்கேயே வைப்பான். முழு ஆட்டம் ஆட மாட்டான்.

அதே மாதிரி தப்பு வரும் நான்கு ஸ்வரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். பாதி வேகம். அதிலும் தப்பினால் அதிலும் பாதி. ஐந்து புளியங்கொட்டையை இடது பக்கம் வையுங்கள். ஒருமுறை சரியாக வந்தால் ஒன்றை வலது பக்கம் நகர்த்துங்கள். ஒருமுறை தப்பினால் எல்லாவற்றையும் இடது பக்கம் திருப்புங்கள். ஐந்தும் வலது பக்கம் போனதும் முன்னால் ஒரு ஸ்வரம், பின்னால் ஒரு ஸ்வரம் சேர்த்து வாசியுங்கள். நான்காவது கொட்டையில் வரும் படபடப்பு நல்லது. ஆசிரியர் முன்னால் வாசிக்கும்போது வருவதும் அதே படபடப்புதான், வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

கை களைப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். இடது கட்டை விரல் கழுத்தின் பின்னால் இறுக்குகிறதா என்று பார்க்க, வாசித்துக்கொண்டே அதை ஒரு கணம் எடுத்துப் பாருங்கள். மற்ற விரல்கள் அப்படியே நின்றால் சரி. விரல் நுனி எரிவது சில வாரத்தில் போகும். மணிக்கட்டில் குத்தும் வலியோ விரலில் மரத்துப்போவதோ இருந்தால் அன்றைக்கு மூடிவையுங்கள். தொடர்ந்தால் ஆசிரியரிடமும் டாக்டரிடமும் காட்டுங்கள். தாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

கடைசி இரண்டு நிமிடம் பிடித்ததை வாசியுங்கள், தப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்புறம் உலர்ந்த துணியால் தந்திகளையும் பலகையில் விழுந்த ரோசின் தூளையும் துடைத்து, வில்லைத் தளர்த்தி வையுங்கள். கடல் காற்று அடிக்கும் ஊரில் வியர்வையோடு தந்தியை விட்டால் சீக்கிரம் கறுத்துவிடும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் இதை ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

மழைக்காலம்

மரம் ஈரத்தை உறிஞ்சும், உப்பும். அக்டோபர் தொடங்கினால் பிரடைகள் இறுகிக்கொள்ளும். ஏசி அறையில் வைத்தால் அவையே தளர்ந்து தந்தி இறங்கிவிடும். இறுகிய பிரடையை இடுக்கி வைத்துத் திருகாதீர்கள், உடைந்துவிடும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டுவைக்கலாம். வாரம் ஒருமுறை குதிரையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். அடிக்கடி சுருதி சேர்க்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக விரல் பலகை பக்கம் சாயும், விட்டால் ஒரு நாள் படாரென்று விழும். சாய்ந்திருந்தால் ஆசிரியரிடம் காட்டி நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாடி வீட்டு அக்கா முதலில் கேட்டது, "தம்பி, அந்தப் பெரிய வயலின் எங்க, மேல குடு" என்றுதான். செல்லோ அவர் வீட்டுக் கட்டிலின் மேல் எட்டு நாள் இருந்தது. நான் தொடவே இல்லை. அந்த எட்டு நாளில் கற்றுக்கொண்டது இது: கருவி கையில் இல்லாவிட்டாலும் சாதகம் முழுதாக நின்றுபோக வேண்டியதில்லை. ஸ்வரங்களை வாயால் பாடி, விரலை முன்கையின் மேல் வைத்துப் பார்த்தேன். திரும்ப உட்கார்ந்தபோது கை மறந்திருந்தது, ஆனால் காது மறக்கவில்லை. பழைய இடத்துக்கு வர நான்கே நாள்தான் ஆனது.

சாதாரண நாட்களிலும் விட்டுப்போகும். கல்யாணம், காய்ச்சல், ஓவர்டைம். அந்த நாளில் மூன்று நிமிடம் திறந்த தந்தி மட்டும் இழுங்கள், உட்கார்ந்த பழக்கமாவது அறாமல் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் விடுங்கள். விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம், மறுநாளும் அதே இருபது நிமிடம்தான்.

நோட்டும் பதிவும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: என்ன கேட்டேன், எந்த நான்கு ஸ்வரம், எத்தனை கொட்டை. வகுப்புக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். "வீட்டில் நல்லா வந்தது சார்" என்பதைவிட, "ஏ தந்தியில் மூன்றாம் விரல் வெள்ளிக்கிழமை வரைக்கும் இறங்கியே விழுந்தது சார்" என்று சொன்னால் ஆசிரியருக்கு உடனே வேலை செய்ய இடம் கிடைக்கும்.

ஞாயிறுதோறும் சங்கராபரண ஆரோகண அவரோகணத்தை (ச-விலிருந்து மேல் ச வரை ஏறி, திரும்ப இறங்குவதை) ஒருமுறை கைபேசியில் பதிவு செய்யுங்கள். கைபேசியை எப்போதும் ஒரே இடத்தில், நாலடி தள்ளி வையுங்கள். கேட்கும்போது இயர்போன் போட்டுக் கேளுங்கள். ஸி தந்தி 65 ஹெர்ட்ஸ், கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடிக்குரல் வராது, நீங்கள் மெலிதாக வாசித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். பதிவு செய்த அன்றைக்கே கேட்க வேண்டாம், வாசித்த ஞாபகம் காதை மறைக்கும். புதன்கிழமை கேளுங்கள். மூன்றாம் மாதத்தில் முதல் வாரப் பதிவையும் எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, வில் திசை மாறும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.